தமிழிலே வைத்தியம் தந்த பெரியார்
டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது எம் முன்னோர் வாக்கு. அச்செல்வம் ஊரார் அனைவருக்கும் கிடைக்க வேண்டுமாயின் மருந்தும் வைத்தியசாலையும் மட்டும் போதா. எமது உடம்பு எவ்வாறு இயங்குகிறது, நோய் எவ்வழியாக வருகிறது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்னும் அறிவும் வீடுதோறும் சென்று சேரவேண்டும். இவ்வுண்மையை இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு, அதற்காகத் தம் வாழ்வையே செலவிட்ட ஒரு பெருமகனாரின் வரலாற்றை இந்த யூபிலி மலரிலே பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அவர் எமது பங்கைச் சேர்ந்தவரல்லர். எமது திருச்சபையைச் சேர்ந்தவருமல்லர். அமெரிக்காவிலிருந்து வந்த புரட்டஸ்தாந்த மிஷனரி அவர். அன்றைய யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கண்டனப் பிரசுரங்கள் எழுதி ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டிருந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிலே கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டினை வெளியிட்ட பின்னர், பிரிந்திருக்கும் சகோதரர்களிடத்தே காணப்படும் நன்மைகளை மனமுவந்து போற்றுவது எமது கடமையாயிற்று. ஆகவே மானிப்பாய் டொக்டர் கிறீனை இம்மலரிலே நினைவுகூருவது பொருத்தமேயாகும்.

பிறப்பும் கல்வியும்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி, அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். கிறீன் ஹில் என வழங்கிய குடும்பத் தோட்டத்திலே அவர் வளர்ந்தார். பிள்ளைகள் பலரைக் கொண்ட பெருங் குடும்பம் அது. அவருடைய தமையனாரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் நிர்வாகத்தில் பெரும் பங்கு வகித்துப் புகழ் பெற்றவர். அந்நகரின் மத்திய பூங்கா உருவாவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

சாமுவேல் நியூயோர்க்கிலுள்ள வைத்தியக் கல்லூரியிலே பயின்று 1845இல் வைத்தியப் பட்டம் பெற்றார். செல்வாக்குள்ள குடும்பத்திற் பிறந்த இளம் வைத்தியர் அந்நகரிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்கன் மிஷன் சபையாரிடம் தம்மை ஒப்படைத்து, 1847ஆம் ஆண்டிலே கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அன்றைய யாழ்ப்பாணம்

அக்காலத்தில் எம்மவர்க்கு வைத்தியமே இல்லாதிருந்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஊர்தோறும் பரியாரிமார் இருந்தனர். நாடி பார்ப்பதிலும், முறிவு கட்டுவதிலும், மூலிகைகளைப் பக்குவம் பண்ணுவதிலும் கைதேர்ந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஆயினும் அந்த அறிவு பெரும்பாலும் பரம்பரைச் சொத்தாகவே இருந்தது. தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஏட்டுச் சுவடி வீட்டுப் பெட்டியிலே பத்திரமாக இருக்கும். அயலவனுக்கு அதைப் படிக்கக் கிடையாது. வாந்திபேதியும் அம்மை நோயும் ஊருக்குள் நுழைந்தால் குடும்பம் குடும்பமாக மாண்டுபோயினர். வாந்திபேதி குடிதண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை அக்காலத்தில் ஐரோப்பிய வைத்தியர்களே இன்னும் திட்டமாக அறிந்திருக்கவில்லை.

கிறீனுக்கு முன்னரும் அமெரிக்க வைத்தியர்கள் இங்கு வந்திருந்தனர். 1819இல் இலங்கை வந்து பண்டத்தரிப்பிலே பணியாற்றிய டொக்டர் ஜோன் ஸ்கடர் அவர்களுள் முதல்வர். வேலூரிலே பெண்களுக்கென வைத்தியப் பாடசாலை நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியார் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்கடருக்குப் பின் வந்த டொக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலே பணிபுரிந்தார். அவருடைய இடத்தை நிரப்பவே கிறீன் வந்தார்.

மானிப்பாய் வகுப்பு

வட்டுக்கோட்டையிலே தம் பணியைத் தொடங்கிய கிறீன் விரைவில் மானிப்பாயைத் தமது நிலையமாக்கிக் கொண்டார். நாள்தோறும் திரண்டு வந்த நோயாளரைக் கண்டதும் அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. தாம் ஒருவர் எத்தனை பேருக்குத்தான் மருந்து கொடுக்க முடியும்? தாம் இறந்தாலோ ஊருக்குத் திரும்பினாலோ இம்மக்களின் கதி என்ன? இந்நாட்டவரே வைத்தியராக வேண்டும் என முடிவு செய்து, 1848ஆம் ஆண்டிலேயே ஒரு சில மாணவரைக் கொண்டு வைத்திய வகுப்பொன்றை ஆரம்பித்தார். கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது 1870ஆம் ஆண்டிலேதான். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாய்க் கிராமத்திலே மேல்நாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பது யாழ்ப்பாணத்தவர் யாவரும் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியாகும்.

1850இல் யாழ்ப்பாண நகரிலே, ஏழைகளுக்கு உதவும் நண்பர் சங்கத்தாரின் ஆஸ்பத்திரி உருவாயிற்று. அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியினால் எழுந்த இவ்வாஸ்பத்திரியிலும் கிறீனின் உதவி இருந்தது. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக விளங்குவது இதன் வளர்ச்சியே.

அவர் கண்ட குறை

முதலிலே கிறீன் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்து வெளியேறிய இளைஞர்கள் ஆங்கிலம் அறிந்தவர்களாதலின் அதனால் இடையூறு ஏற்படவில்லை. அவர்களும் திறமையாகப் படித்துத் தேறினர். ஆனால் தேறியவர்களுட் பலர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே தங்கவில்லை. ஆங்கிலம் கற்ற வைத்தியருக்குத் தென்னிலங்கையிலும் பிற இடங்களிலும் அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் காத்திருந்தன. அவர்கள் போனதைத் தவறென்று சொல்வதற்கில்லை. குடும்பம் உள்ளவன் சம்பளத்தைப் பாராதிருக்க முடியுமா? ஆனாலும் எந்தக் கிராமத்திற்காக அவர்கள் பயிற்றப்பட்டார்களோ அந்தக் கிராமம் பழையபடியே வைத்தியர் இன்றிக் கிடந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. ஆங்கிலம் கற்க வசதியுள்ளவர் மிகச் சிலரே. ஆங்கிலம் அறியாத, ஆனால் கூர்ந்த அறிவும் இரக்கமும் படைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு வைத்தியக் கல்வியின் வாசல் அடைத்தே இருந்தது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்படவே, ஆங்கிலம் கற்றவர் தொகை இன்னும் குறையும் நிலை உண்டாயிற்று.

கிறீன் எடுத்த முடிவு அக்காலத்திற்குப் புதுமையானது. மாணவனை ஆங்கிலத்திற்குக் கொண்டுவருவதை விட்டு, வைத்தியத்தைத் தமிழுக்குக் கொண்டுவர எண்ணினார். ஏறக்குறையப் பத்தாண்டுகள் உழைத்தபின் தாயகம் சென்றிருந்த அவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து, மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864ஆம் ஆண்டிலே தமிழில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

தமிழிலே படித்தவனுக்கு உத்தியோகம் எங்கே, மதிப்பு எங்கே என்னும் கேள்வி அந்நாளில் எழக்கூடியதுதான்; இன்றும் அது கேட்கப்படுகின்றது. கிறீனுடைய நோக்கம் வேறாக இருந்தது. தமிழிலே படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான். நோயாளியுடன் அவன் பேசும் மொழியும், படித்த நூலின் மொழியும் ஒன்றாக இருக்கும். தான் அறிந்ததை வீட்டாருக்கும் விளங்கச் சொல்லுவான். இதுவே அவருடைய நம்பிக்கை. 1848 முதல் 1873 வரை அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

நூல்களும் சொற்களும்

தமிழிலே கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே! அந்நூல்கள் அப்போது இல்லை. எனவே கிறீன் தாமே தமிழை நன்கு கற்று, மொழிபெயர்ப்பில் இறங்கினார். தம்மிடம் படித்த மாணவர்களையும் அப்பணியில் ஈடுபடுத்தி, அவர்கள் பெயர்த்ததைத் தாம் பார்வையிட்டுத் திருத்தினார். பிரசவ வைத்தியம் 1857இலும், சத்திர சிகிச்சையைக் கூறும் இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872இலும், இரசாயன நூலாகிய கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் என்னும் நூலும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது ஹென்றி கிரே என்னும் ஆங்கில வைத்தியர் எழுதிய புகழ்பெற்ற உடலமைப்பு நூலின் தமிழாக்கமாகும். மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழிலே கிடைத்தது.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை கிறீன் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலிலே தமிழில் வழங்கும் சொல் உண்டோ எனத் தேடுவார். இல்லையாயின் வடமொழியிலே தேடுவார். அங்கும் பொருத்தமானது கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வார். கெமிஸ்தம் என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே. உடலின் அமைப்பை அங்காதிபாதம் என்றார். உடலின் தொழிற்பாட்டைச் சுகரணம் என்றார். சுகாதாரத்தை உற்பாலனம் என்றார். இச்சொற்கள் இன்று வழக்கிலில்லை. உடலமைப்பியல், உடற்றொழிலியல் என்பன அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் முதல் ஏர் பூட்டியவரை உழவர் மறப்பதில்லை.

பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும்

நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிறீன் முதன்முதலில் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டது பெரிய வைத்திய நூலொன்றையன்று. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் பாடசாலைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் எழுதிய நூலையே அவர் தெரிந்தெடுத்தார். எலும்பு, தசை, இருதயம், சுவாசப்பை, சமிபாடு, தோல், கண், காது என்று உடம்பின் பகுதிகளை ஒவ்வொன்றாக விளக்கி, அவற்றை நன்னிலையில் வைத்திருக்கும் முறையையும் உடன் கூறும் நூல் அது. அமெரிக்கப் பாடசாலைகளிலே பிள்ளைகள் படித்த அந்நூல், அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரோடு 1850களிலே தமிழில் வந்தது. வாந்திபேதி பற்றியும், உடலுறுப்புக்களைப் பேணுவது பற்றியும் சிறு பிரசுரங்களையும் அவர் வெளியிட்டார்.

இதன் கருத்தை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றோம். வைத்தியன் ஒருவனுக்கு நூறு வீடு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டிற்குள் சுகாதார அறிவு நுழைந்துவிடும். காற்றோட்டம் ஏன் வேண்டும், கையை ஏன் கழுவவேண்டும், கிணற்றடியை ஏன் துப்புரவாக வைத்திருக்கவேண்டும் என்பவற்றின் காரணத்தைப் பிள்ளை அறிந்தால் தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லும். காரணம் அறியாது செய்யும் வழக்கம் கண்காணிப்பு நீங்கியதும் நின்றுபோகும். காரணம் அறிந்து செய்வது வளர்ந்து வாழ்க்கைப்பட்ட பின்னும் கூடவே வரும்.

வேட்டி சால்வை

மேல்நாட்டுக் கல்வி கற்றவர் மேல்நாட்டு உடையும் பழக்கவழக்கமும் பூண்டு, சொந்த மக்களிடமிருந்து விலகிப்போவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. கிறீன் இதனை விரும்பவில்லை. தம் மாணவர் வேட்டியும் சால்வையும் அணிந்து, தமிழராகவே வாழ்ந்து வைத்தியம் செய்யவேண்டும் என வற்புறுத்தினார். கிறிஸ்தவராவதற்கு ஐரோப்பியராக வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அவர் வேதத்தைப் போதிக்கவே வந்தவர். அதை ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வேதம் ஊரார் மொழியிலும் உடையிலும் வாழவேண்டும் என்பதிலே உறுதியாயிருந்தார். வழிபாடு மக்கள் மொழியிலே நடைபெற இடமளித்த வத்திக்கான் சங்கத்தின் பின் வாழும் எமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

இறுதிக் காலம்

1873ஆம் ஆண்டிலே கிறீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். அங்கே ஓய்ந்திருக்கவில்லை. வூஸ்ரரிலுள்ள பழைய வீட்டில் இருந்துகொண்டே தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்தது அவர் இந்நாட்டை விட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னராகும். தமிழ் பேசுவோர் எவருமில்லாத ஊரிலே, கடல் கடந்த ஒரு மக்களின் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்த அவரை எண்ணிப் பார்க்கும்போது எமது உள்ளம் நெகிழ்கின்றது.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, 61ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராக வந்தவர் என்பதைத் தம் கல்லறையிலே பொறிக்குமாறு அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவர் பிறந்து வளர்ந்த கிறீன் ஹில் 1905இல் குடும்பத்தாரால் நகரத்துக்கு வழங்கப்பட்டுப் பொதுப் பூங்காவாயிற்று. மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

திறந்த வாசலும் திறவாத வாசல்களும்

பெரியார் ஒருவரைப் போற்றும்போது அவர் காலத்தின் குறைகளை மூடிவைப்பது முறையன்று. கிறீன் சென்ற சில ஆண்டுகளிலே தமிழ் வைத்திய வகுப்பு நின்றுபோயிற்று. கொழும்புக் கல்லூரியின் ஆங்கிலப் பட்டமே அரசாங்கத்தின் மதிப்பைப் பெற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே வைத்தியபீடம் தொடங்கியபோது அங்கும் ஆங்கிலமே போதனா மொழியாயிற்று.

மற்றொன்று, கிறீன் பயிற்றிய வைத்தியர்கள் ஆண்களே. பிள்ளைப்பேற்றை மருத்துவிச்சிமார் பார்த்து வந்த காலம் அது. ஆண் வைத்தியரிடம் காட்ட நாணி, சொல்லாமலே நோயைச் சுமந்த பெண்கள் எத்தனையோ பேர். பிரசவ வைத்தியத்தைத் தமிழிலே எழுதிவைத்த கிறீன் அந்தக் குறையின் ஒரு பகுதியைத்தான் நிவர்த்தி செய்தார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்து, பெண் வைத்தியர்கள் அங்கே பணியாற்றத் தொடங்கிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. சாதி என்னும் வேலியோ எமது மண்ணிலே இன்னும் நெடுங்காலம் நின்றது.

எமது திருச்சபையிலும் ஒரு வாசல் அடைத்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். துறவறத்தார் வைத்தியத் தொழில் செய்வதற்குத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் தடையாயிருந்தது. ஸ்கொத்லாந்து நாட்டு வைத்தியரான அக்னஸ் மக்லறன் அம்மையார் இத்தடை நீங்கவேண்டி உரோமையிலே மீண்டும் மீண்டும் விண்ணப்பித்து, அது நிறைவேறக் காணாமலே 1913இல் மறைந்தார். அவரால் ஊக்கம் பெற்ற டொக்டர் அன்னா டெங்கல் 1925இல் வைத்தியப் பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான், பதினொராம் பத்திநாதர் பாப்பரசரின் காலத்தில், கன்னியர் பிரசவ வைத்தியம் உட்பட மருத்துவம் பயின்று பணியாற்ற உரோமை வழிவிட்டது.

எமக்குரிய கடமை

கிறீனின் வகுப்பு நின்றதேயன்றி அவர் எழுப்பிய கேள்வி நிற்கவில்லை. இன்று பாடசாலையிலே எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் சுகாதாரத்தையும் தமிழிலே படிக்கின்றார்கள். ஆயினும் மருந்துப் பெட்டியிலே அச்சிட்டிருக்கும் சிற்றெழுத்தும், வைத்தியர் எழுதும் துண்டும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. சலரோகத்துக்கு எந்தக் குளிசை, இரத்த அழுத்தத்துக்கு எந்தக் குளிசை என்று அறியாமல், நிறத்தைப் பார்த்தே விழுங்கும் முதியோர் எம்மிடையே எத்தனை பேர்! கேட்கக் கூச்சம், கேட்டாலும் விளங்காதோ என்னும் பயம். இந்தக் கூச்சத்தினாலும் பயத்தினாலும் உயிருக்கே ஆபத்து நேர்வதுண்டு.

ஆகவே யூபிலி ஆண்டிலே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு நாளாவது உடம்பைப் பற்றியும் நோய்த் தடுப்பைப் பற்றியும் எளிய பாடம் சொல்லிக்கொடுக்கலாம். பங்கிலுள்ள வைத்தியர்களும் தாதிமாரும் மனமுவந்து அதனைப் பொறுப்பேற்கலாம். வீட்டிலே பெரியோர் உட்கொள்ளும் மருந்தின் பெயரையும், எதற்காக, எப்பொழுது என்பதையும் பேரப்பிள்ளையைக் கொண்டு தமிழிலே ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். டெங்கு நுளம்பு எங்கே முட்டையிடுகின்றது என்று அறிந்த பிள்ளை, சிரட்டையையும் பூச்சாடியின் அடித்தட்டையும் தானே கவிழ்த்து வைக்கும். வைத்தியம் படிக்க விருப்பமிருந்தும் வறுமையாலோ, பெண்ணாய்ப் பிறந்ததாலோ, குடும்பப் பின்னணியாலோ தயங்கி நிற்கும் பிள்ளை எமது பங்கிலே இருக்குமாயின், அப்பிள்ளைக்குக் கைகொடுப்பதும் எமது பொறுப்பே.

வைத்தியரான புனித லூக்காவைப் பாதுகாவலராகக் கொண்டாடும் நாம், அறிவைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்தளித்த இம்மனிதரையும் நன்றியோடு நினைவுகூருவோமாக. அவருடைய ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. அவர் விதைத்த வித்து எங்கள் பிள்ளைகளிடத்தே நூறு மடங்காய்ப் பலன் தருவதாக.